சகலையும் ஃபுல் ஃப்ரேமும்

ஃபுல் ஃப்ரேம் என்ற சொல்லைச் சகலை ஒரு நாளைக்கு எத்தனை முறை உச்சரிக்கிறார் என்று ஒருநாள் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். காலை டீ வருவதற்குள் கணக்கு தப்பிப்போய்விட்டது. அதற்கப்புறம் காதைப் பொத்திக்கொள்வது எப்படி என்றுதான் யோசித்தேன்.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஒரு கம்பெனியில் கௌரவமான வேலையில் இருந்தார். கம்பெனி மூடிக்கொண்டது. 'சும்மாதானே இருக்கார், கூட வச்சுக்கங்க' என்று மேலிடம் உத்தரவு போட, என் வீடியோ ஸ்டூடியோவுக்குள் காலடி எடுத்து வைத்தார். மேலிடம் என்பது என் மனைவி. ஒத்தாசைக்கு வந்த மனிதர் தொழிலைக் கற்றுக்கொண்டு, கொஞ்ச நாளில் பாதி ஸ்டூடியோவாகவே ஆகிவிட்டார். ஆளும் அதற்கேற்ற உயரம். எங்கள் ஸ்டூடியோ வாசலில் குனிந்து நுழைகிற ஒரே ஜீவன் அவர்தான்.

இந்த உறவில் ஒரு சங்கடம் உண்டு. அண்ணன் தம்பி என்றால் 'போடா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். சகலையை வாங்க போங்க போட்டுத்தான் திட்ட முடியும். 'உங்களுக்கு அறிவு இருக்கா' என்று கேட்கும்போதே கோபத்தில் பாதி ஆவியாகிவிடுகிறது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஒரு மாதமாகச் சண்டை போட்டோம்.

சண்டை கேமராவைப் பற்றி. எங்களிடம் இருந்த இரண்டில் ஒன்று வேலைக்கு நடுவே உயிரை விட்டது. மற்றதும் பிடியில் ரப்பர் உரிந்து, டேப் சுற்றிய கோலத்தில்தான் இருந்தது. புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும், ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். நான் கேட்டது கைக்குள் அடங்குகிற சின்ன மிரர்லெஸ் கேமரா. சட்டைப் பையில் போட்டால்கூடப் பெரிதாகத் துருத்தாது. சகலை கேட்டது பெரிய சென்சார் வைத்த ஃபுல் ஃப்ரேம் ஹைப்ரிட். போட்டோவும் எடுக்கும், வீடியோவும் எடுக்கும், லென்ஸை மாட்டினால் தூக்குகிறவனின் உயிரையும் எடுக்கும்.

"சகலை, சென்சார்தான் கேமராவோட கண்ணு. அது பெருசா இருந்தா இருட்டுலயும் படம் பளிச்சுன்னு வரும்" என்பார். "அப்புறம் ஆட்டோஃபோகஸ். ஆளோட கண்ணைத் தேடிப் பிடிச்சுக்கும். எடுக்கிறவன் கண்ணு மங்கினாலும் அது மங்காது."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அதுக்குச் சொல்லல. ஒரு மரியாதை வேணாமா? நீங்க சொல்ற பொம்மையை எடுத்துட்டுப் போனா, விருந்துக்கு வந்தவங்கன்னு நினைச்சுச் சாப்பிட உட்காரச் சொல்லுவாங்க."

"சொன்னா உட்கார வேண்டியதுதான்."

இந்த மரியாதை விஷயத்தில் அவருக்கு ஆறாத புண் ஒன்று இருந்தது. ஒரு கம்பெனி விழாவில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம், கோட்டு போட்ட ஒருவர் வந்து 'நீங்க அசிஸ்டென்ட்டா?' என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். சகலை அன்று சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போயும் சாப்பிடவில்லை என்று மச்சினி ஃபோன் செய்து சொன்னாள். அன்றிலிருந்து கையில் பெரியதாக எதையாவது பிடித்தால்தான் தான் யார் என்று ஊருக்குத் தெரியும் என்று முடிவு கட்டிக்கொண்டார். ஆகவே ஃபுல் ஃப்ரேம் மோகம் முழுக்கவும் வெட்டி ஜம்பம் என்று நானும் முடிவு கட்டிக்கொண்டேன்.

என் கட்சிக்கு நான் வெளியே சொன்ன காரணங்கள் எல்லாம் அழகானவை. லேசாக இருக்கும், கூட்டத்தில் நுழையலாம், குழந்தைகள் மிரளாது. உண்மையான காரணம் என் வலது தோள். அது இறுகிப்போய்விட்டது. கையைத் தூக்கினால் காது வரைக்கும் வரும், அதற்கு மேல் ஒரு விரல்கடை போகாது. மீறித் தூக்கினால் கண்ணில் பூச்சி பறக்கும். யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரிடம் காட்டினேன். 'இத்தனை வருஷமா கையைத் தலைக்கு மேல தூக்குற வேலையா?' என்று கேட்டார். ஆமாம், அதே வேலைதான். என் உயரம் வெளியே சொல்லும்படி இல்லை. கூட்டத்துக்கு மேலாக எதையாவது எடுக்க வேண்டுமென்றால் கேமராவை இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஏந்திக்கொண்டு நிற்பேன். காலமெல்லாம் அப்படி நின்றதற்குத் தோள் இப்போது பழிவாங்குகிறது.

விஷயத்தை வீட்டில் மூச்சு விடவில்லை. தலை வழியாகப் போடுகிற டி-ஷர்ட்டுகளை ஓரங்கட்டிவிட்டுப் பட்டன் வைத்த சட்டைக்கு மாறினேன். 'இப்பத்தான் பார்க்க மனுஷன் மாதிரி இருக்கீங்க' என்றாள் மனைவி. இடது கையால் தலை வாருவதால் வகிடு மறுபக்கம் இடம்பெயர்ந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 'பாவம், அவரைக் கஷ்டப்படுத்தாதீங்க' என்பார்கள். ஸ்டூடியோவின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, மெத்தை போட்ட நாற்காலி ஒன்றும் வாங்கித் தருவார்கள். மாடியில் பல் மருத்துவமனை. அந்த அறையில் உட்கார்ந்தால் நாள் முழுக்க எவனோ ஒருவனின் கடைவாய்ப்பல்லை என் உச்சந்தலையில் வைத்துக் குடைவதுபோல் இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் கையில் கேமரா இருக்கும்போது யாரும் என் உயரத்தைப் பார்ப்பதில்லை. அமைச்சரானாலும் ஆனைக்குட்டியானாலும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தாக வேண்டும். 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்றால் தள்ளி நிற்கிறார்கள். அந்தச் சுகத்தைப் பின்னறையில் உட்கார்ந்து பறிகொடுக்க நான் தயாராக இல்லை. அதனால்தான் சின்ன கேமரா. அதையாவது ஒற்றைக் கையால் சமாளிக்கலாம் என்பது என் கணக்கு. பெரியது வந்தால் தோள் காட்டிக்கொடுத்துவிடும், என் கதை முடிந்தது.

மனைவி ஒருமுறை வெள்ளந்தியாகக் கேட்டாள். "கூட்டமா இருந்தா, நம்ம கிச்சன் ஸ்டூலை எடுத்துட்டுப் போய் ஏறி நின்னு எடுங்களேன்."

"நான் என்ன ஒட்டடை அடிக்கவா போறேன்?" என்று கத்தினேன். அதற்கப்புறம் அவள் ஸ்டூல் பேச்சை எடுக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறுவதென்றால், நான் குள்ளன் என்று மைக் வைத்து அறிவிப்பதற்குச் சமம்.

சண்டை முற்றியபோது அக்காவும் தங்கையும் ஃபோனில் பேசித் தீர்ப்பு வழங்கினார்கள். வாடகைக் கடையில் இரண்டு கேமராவையும் ஒரு நாளைக்கு எடுப்பது. அடுத்த வேலைக்கு ஆளுக்கொன்றாகக் கொண்டுபோவது. எது நன்றாக எடுக்கிறதோ அதை வாங்குவது. அப்பீல் கிடையாது.

அடுத்த வேலை, ஒரு வக்கீல் அம்மாவின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். "போட்டோ வேண்டாம், அதெல்லாம் எங்க ஃபோன்லயே எடுத்துக்குவோம். வீடியோ மட்டும் போதும். ஆனா கேக் வெட்டுறது முழுசா வரணும். அதுதான் எனக்கு முக்கியம்" என்று முன்கூட்டியே வாக்குமூலம் வாங்கிக்கொண்டார்.

அன்று ஹாலில் சகலை நுழைந்த நுழைவைப் பார்த்திருக்க வேண்டும். கழுத்தில் அந்தக் கறுப்பு மிருகம் தொங்குகிறது, லென்ஸ் ஒரு செம்பு அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. பலூன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் தாமாக வழி விட்டார்கள். குழந்தையின் அப்பா அவருக்குக் கை கொடுத்தார். எனக்கு ஒரு தட்டில் பிஸ்கட் வந்தது. சகலை என்னைப் பார்த்த பார்வையில் 'சொன்னேனா இல்லையா' என்று எழுதியிருந்தது. பிஸ்கட்டைத் தின்றுகொண்டே வேலையைப் பார்த்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, என் சின்னது அருமையாக உழைத்தது. மேஜைக்கடியில் தவழ்ந்த குழந்தையை மேஜைக்கடியிலேயே போய் எடுத்தேன். ஒரு கை, ஒரு கேமரா, வலி இல்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போதுதான் கேக் வந்தது.

கேக் வந்ததும் ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து முன்னால் வந்து ஃபோனைத் தூக்கினார்கள். எனக்கு முன்னால் குழந்தையின் தாய்மாமா வந்து நின்றார். அகலமான மனிதர். தலையில் ஒரு முடி இல்லை. நான் வலது கையைத் தூக்கினேன். காதோடு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தூக்கினேன். தோளுக்குள் யாரோ துணியைக் கிழிப்பதுபோல் வலித்தது. இடது கைக்கு மாற்றினேன், அது நடுங்கியது. குதிகாலைத் தூக்கி நின்றேன். திரையில் தாய்மாமாவின் உச்சந்தலை மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. அதில் பலூன்கள் பிரதிபலித்தன. ஆட்டோஃபோகஸுக்குக் கண் ஒன்றும் கிடைக்காததால் அவர் காதைப் பிடித்துக்கொண்டது. அதற்குள் கைதட்டல் கேட்டது. கேக் வெட்டி முடித்துவிட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். எல்லாருக்கும் பின்னால், எல்லாருக்கும் மேலாக, சகலை கண்ணை கேமராவில் ஒட்டிவைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றிருந்தார். அவர் எடுத்துவிட்டார். வேலை தப்பித்தது, நான் மாட்டிக்கொண்டேன். பின்னறையில் மெத்தை நாற்காலி போடச் சரியான இடம் எது என்றுகூட அங்கேயே யோசித்துவிட்டேன்.

மறுநாள் காலை, கார்டுகளைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினேன். சகலை டீ வாங்கப் போயிருந்தார். என் கார்டில் தாய்மாமாவின் தலை இருந்தது. அதை ஒருமுறை பார்த்ததே போதும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு சகலையின் கார்டைத் திறந்தேன்.

முதல் காட்சியில் தரை. அடுத்து ஒரு செருப்பு. அடுத்து சகலையின் பெல்ட்டுக்குக் கீழே தலைகீழாக நடக்கிற ஹால். ஒரு காட்சியில் ஒரு தட்டு நிறையப் பிஸ்கட், அதை எடுக்கும் கை, பிறகு சகலை மெல்லும் சத்தம். குழந்தை கிடையாது, கேக் கிடையாது, மனிதர் முகம் என்று ஒன்றும் கிடையாது. எங்கள் தொழிலில் இதற்கு உல்டா என்று பெயர். ரெக்கார்டு பட்டன் எங்கேயோ இடித்து முன்னாலேயே ஓட ஆரம்பித்திருக்கும். எடுக்கிறவர் அது தெரியாமல் பட்டனை அழுத்தினால் நின்றுவிடும். அவர் எடுத்து முடித்ததாக நினைத்து மறுபடி அழுத்தும்போது ஓடத் தொடங்கும். எடுக்க வேண்டியது ஒன்றும் இருக்காது, எடுக்கக்கூடாதது எல்லாம் இருக்கும்.

எனக்கு வந்த சிரிப்பில் ஹெட்ஃபோன் கழன்றுவிட்டது. ஒரு மாதமாக என்னைப் படுத்தி எடுத்த ஃபுல் ஃப்ரேம் கடைசியில் செருப்பை எடுத்திருக்கிறது. இதை மச்சினிக்கு அனுப்பலாமா, அச்சடித்து வாசலில் ஒட்டலாமா என்று யோசித்துக்கொண்டே கடைசிக் காட்சியை ஓடவிட்டேன்.

வராண்டா. கைப்பிடிச் சுவரும் அதற்கப்பால் வண்டிகள் நிற்கிற இடமும் தெரிகின்றன. கேமரா கழுத்தில் தொங்கி லேசாக ஆடுகிறது. சகலை ஃபோனில் பேசுகிறார். மறுமுனையில் மச்சினி என்று கேட்டவுடனே தெரிந்தது.

"ஆங், கேக் வெட்டியாச்சும்மா. என்கிட்ட முழுசா இருக்கு, கவலையே இல்ல... கழுத்துதான் விட்டுப்போச்சு. செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு... இல்ல, உங்க மாமாவுக்கு வந்திருக்காது. பார்த்துட்டுத்தான் இருந்தேன். கையைத் தூக்குறார், காதுகிட்ட நிக்குது. மூஞ்சியைப் பார்க்கவே முடியல எனக்கு."

நான் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன்.

"தெரியாம என்ன? அவர் டி-ஷர்ட் போட்டு எவ்வளவு நாளாச்சு. வகிடு வேற அந்தப் பக்கம் போயிடுச்சு. நான் என்ன குருடனா?... எப்படிம்மா சொல்றது? 'உங்களால முடியல, போய் உட்காருங்க'ன்னு நான் சொல்லணுமா? எனக்கு வேலை போய் வீட்டுல கிடந்தப்ப அந்த மனுஷன் ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்கல. 'வாங்க சகலை'ன்னு கேமராவைத் தூக்கிக் கையில குடுத்தார். அவர்கிட்டப் போய் உட்காருன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

கொஞ்ச நேரம் மச்சினி பேசியிருக்க வேண்டும். ஒரு வண்டி கிளம்பிப் போனது.

"அதுக்குத்தானே பெருசை வாங்கணும்னு மல்லுக்கு நிக்கிறேன். வாங்கிட்டா, 'இது ரொம்ப வெயிட்டு சகலை, இதை நான் தூக்கிக்கிறேன்'னு சொல்லிடலாம். பழி கேமரா மேல போயிடும், அவர் மானம் மிஞ்சும்... சென்சாரா? எனக்கு என்னம்மா தெரியும். யூடியூப்ல ஒரு தாடிக்காரன் சொல்றதை மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுக்கிட்டு இருக்கேன்."

காட்சி அதோடு நின்றது. உள்ளே போய் எதையோ எடுப்பதற்காகப் பட்டனை அழுத்தியிருப்பார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட இவர் யார்? என் வகிடு எந்தப் பக்கம் இருந்தால் இவருக்கென்ன? ஒரு மாதமாக ஜம்பம், ஜம்பம் என்று வாய்க்கு வாய் நான் ஏசிய மனிதர், அந்த ஏச்சையெல்லாம் வாங்கி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எனக்காகச் செங்கல் சுமந்திருக்கிறார். அதை நினைக்க நினைக்கக் கோபம் பிடிமானமில்லாமல் கரைந்துபோனது. வெட்கமாக இருந்தது.

சகலை குனிந்து உள்ளே வந்து டீயை மேஜைமேல் வைத்தார். "எப்படி இருக்கு நம்ம ஃபுல் ஃப்ரேம்?"

நான் ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கரில் அந்த வராண்டாவை ஓடவிட்டேன். பாதி வரைக்கும் கேட்டார். முகத்தில் ஈயாடவில்லை. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்பார், சமாளிப்பார், ஏதோ ஒன்று செய்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இது எப்படி ரெக்கார்டு ஆச்சு?" என்றார். பிறகு குரல் கீழே போனது. "சகலை, அப்ப கேக்?"

"கேக் இல்லைங்க. செருப்பு இருக்கு, வேணுமா?"

"நான் பட்டனை அழுத்தினேனே. திரையைச் சுத்திச் சிவப்பாக் கட்டம் வந்துச்சு. நின்னிருக்குன்னு நினைச்சு மறுபடி அழுத்தினேன். கட்டம் போனதும் ஓடுதுன்னு நினைச்சேன்."

"சிவப்பு வந்தா ஓடுதுன்னு அர்த்தம்."

"சிக்னல்ல சிவப்புன்னா நிக்கிறதுதானே சகலை? நம்ம பழசு கீக்குன்னு ஒரு சத்தம் குடுக்கும். இது பெரிய மனுஷன் மாதிரி கம்முனு இருக்கு."

"தாடிக்காரன் சொல்லித் தரலையா?"

அசடு வழிந்தார். நான் விடவில்லை. "என் தோளைப் பத்திப் பேச உங்களுக்கு யாருங்க அதிகாரம் குடுத்தது?"

"மறைச்சு வைக்க உங்களுக்கு யாருங்க அதிகாரம் குடுத்தது?"

"என் தோளுங்க அது."

"நாளைக்கு கேமராவோட சேர்ந்து கீழ விழுந்தீங்கன்னா தூக்குறது என் தோளுங்க."

குரல் உயர்ந்துவிட்டது. மாடியில் குடைகிற சத்தம் நின்றது. மாடி மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருவது என் மனைவிதான். அவள் படியிறங்கி வந்து வாசலில் நின்றாள்.

"கீழ கொலை நடக்குதுன்னு மேல பேஷண்ட் வாயைத் திறக்க மாட்டேங்கறார். என்ன ஆச்சு?"

"உன் தங்கச்சி வீட்டுக்காரருக்கு என் தோள் விஷயம் தெரியுமாம்" என்றேன்.

"எல்லாருக்கும்தான் தெரியும்" என்றாள். "நீங்க தூக்கத்துல அந்தப் பக்கம் புரளும்போதெல்லாம் முனகுறீங்க. உங்க வாயால வரட்டும்னுதான் நாங்க சும்மா இருந்தோம். ஸ்டூல் எடுத்துட்டுப் போங்கன்னு நான் எதுக்குச் சொன்னேன்னு நினைச்சீங்க? ஒட்டடை அடிக்கவா?"

விஷயம் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. அவர்களுக்குத் தெரியும் என்பது தெரியாமல் போனது எனக்கு மட்டும்தான். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

"இப்ப அந்த வக்கீல் அம்மாவுக்கு என்ன சொல்லப் போறோம்?" என்று சகலை கேட்டார். அவர் கண்ணில் வக்கீல் நோட்டீஸே தெரிந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருவரும் நேரிலேயே போனோம். வக்கீல் அம்மா எங்களை எதிரே நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்தார். கேக் வெட்டும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள், அவர் எங்கே நின்றார், பட்டனை அழுத்தியது எந்த விரல். கடைசியில் நான் தாய்மாமாவின் தலையைக் காட்டினேன். அவர் தன் ஃபோனை எடுத்து, சொந்தக்காரர்கள் அனுப்பியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். அத்தனை ஃபோனிலும் அதே தலை.

"எங்க அண்ணன் எல்லா வீட்டு விசேஷத்துலயும் இப்படித்தான்" என்றார். "கேக்கு ஞாயித்துக்கிழமை வாங்கி வைக்கிறேன். அதே சட்டையைப் போட்டு மறுபடி வெட்டலாம். அண்ணனும் வரட்டும், ஆனா தரையில உட்காரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கடையில் அதே ஃபுல் ஃப்ரேமையே எடுத்தோம். வக்கீல் வீட்டுக் கூடத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள். தாய்மாமா தரையில் உட்கார மறுத்து வழக்கம்போல் முன்னால் நின்றார். நான் கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டு, இனி என்ன செய்வது என்று திகைத்தேன். அப்போது பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். எங்கள் வீட்டுச் சமையலறை ஸ்டூல். நீல நிறம், ஒரு கால் கொஞ்சம் குட்டை, அதற்கு அண்டக்கொடுத்திருக்கும் அட்டைத் துண்டுகூட அப்படியே இருந்தது. சகலை காலையிலேயே வந்து என் மனைவியிடம் வாங்கி வண்டியில் போட்டிருக்கிறார்.

"ஏறுங்க சகலை" என்றார் மெதுவாக.

எல்லாரும் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. எந்த நினைப்பு என்னைக் காலமெல்லாம் தரையிலேயே நிறுத்தி வைத்ததோ அதே நினைப்பு அப்போதும் வந்தது. ஆனால் ஸ்டூல் ஆடாமல் இருக்கச் சகலை அந்தக் குட்டைக் கால் பக்கம் தன் பாதத்தை அணைத்து வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகு ஏறாமல் இருக்க முடியவில்லை.

மேலே நின்று, முழங்கையை விலாவில் ஒட்டிவைத்து, கேமராவை நெஞ்சோடு பிடித்தேன். கையைத் தூக்க வேண்டியதே இல்லை. தாய்மாமாவின் தலை கீழே, அதன் போக்கில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அதைத் தாண்டிக் குழந்தை, கத்தி, கேக், கிரீம் அப்பிய மூக்கு என்று எல்லாம் வந்தன. திரையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் ஓடியது. அதை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். தோள் வாயே திறக்கவில்லை. படமும், சொல்ல வாய் கூசுகிறது, அருமையாகவே இருந்தது.

வீடு திரும்பியதும் சண்டை மறுபடி ஆரம்பித்தது, ஆனால் கட்சி மாறிவிட்டது. பெரியதையே வாங்கலாம் என்று நான் நின்றேன். சின்னதே போதும், தோள் முக்கியம் என்று சகலை நின்றார். "என்னைப் பாவம் பார்த்துத்தானே சின்னது கேட்குறீங்க?" என்றேன். "உங்களுக்கு மட்டும் என்னவாம், என் மனசைக் குளிர வைக்கத்தானே பெருசு கேட்குறீங்க?" என்றார். நாலு முறை 'ங்க' போட்டுத் திட்டிக்கொண்டோம். அக்காவும் தங்கையும் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டு, பெரியதை வாங்கச் சொன்னார்கள். கூடவே நான் தினமும் தோள் பயிற்சிக்குப் போக வேண்டும், ஸ்டூலில் ஏற மறுத்தால் மெத்தை நாற்காலி நிச்சயம் என்று இரண்டு நிபந்தனை. அப்பீல் இல்லை.

புது கேமராவோடு நாங்கள் போன முதல் வேலை ஒரு பெரிய கம்பெனியின் விழா. சகலை புதுச் சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் விளக்குக் கம்பம், மறு கையில் நீல ஸ்டூல். எனக்கு எந்த இடம் வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டூலைப் போட்டு, பாதத்தை அணை கொடுத்து நின்றார். நான் மேலே ஏறினேன். மேடையில் யாருக்கோ மாலைக்குப் பதில் கேடயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கோட்டு போட்ட ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கம்பத்தையும் ஸ்டூலையும் பார்த்தார், சகலையை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க அசிஸ்டென்ட்டா?"

இன்றைக்கும் சகலை சாப்பிட மாட்டார், மச்சினி ஃபோன் செய்வாள் என்று நினைத்தேன்.

"ஆமாங்க" என்றார் சகலை. "எங்க சீனியர் மேல நிக்கிறார். எதுவானாலும் அவர்கிட்டக் கேளுங்க."

கோட்டுக்காரர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எல்லாரும் பார்த்திருப்பார்கள். கண் முழுக்க நீர் கட்டி, மேடையில் நின்றவர்கள் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தார்கள். ஆனாலும் படம் ஒன்றும் கெடவில்லை. எடுக்கிறவன் கண் மங்கினாலும் அதன் கண் மங்காது என்று சகலை ஒப்பித்ததில் அது ஒன்றாவது உண்மையாக இருந்தது.